வென்றும் வெளியே நின்ற அணி: தரவரிசைக்கும் ஒளிபரப்புப் பணத்துக்கும் இடையில் புளோரிடா ஸ்டேட்

விளையாட்டு மைதானத்தில் நீதி எளிமையானது என்பதே பொதுவான நம்பிக்கையாகும். அதிகமான புள்ளிகளைப் பெறுபவர் வெற்றியாளர், தோற்காதவர் முன்னேறுவார். வாழ்வின் ஏனைய துறைகளில் செல்வாக்கும் செல்வமும் எவ்வளவுதான் கோலோச்சினாலும் மைதானத்தின் எல்லைக் கோட்டுக்குள் அவற்றுக்கு இடமில்லை என்று நாம் எண்ணிக்கொள்கின்றோம். இந்த எண்ணம் எவ்வளவு தூரம் சரியானது என்ற கேள்வியை 2023 டிசெம்பர் 3 ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவில் வெளியான ஓர் அறிவிப்பு எழுப்பியது. அந்தப் பருவத்தில் 13 போட்டிகளில் விளையாடி 13 இலும் வெற்றி பெற்று, தனது கூட்டமைப்பின் சம்பியனாகவும் முடிசூடியிருந்த புளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் உதைபந்தாட்ட அணி, தேசிய சம்பியனைத் தெரிவு செய்யும் நான்கு அணிகளின் சுற்றுக்குத் தகுதியற்றதென அறிவிக்கப்பட்டது. ஒரு போட்டியில் தோல்வியடைந்திருந்த இரு அணிகள் அதனைத் தாண்டிச் சென்றன.

இவ்விவகாரம் ஒரு விளையாட்டுச் செய்தியாக மாத்திரம் முடிந்துவிடவில்லை. புளோரிடா மாநிலத்தின் சட்டமா அதிபர் விசாரணை ஆரம்பித்தார். ஆளுநர் வழக்குச் செலவுக்கென வரவு செலவுத் திட்டத்தில் ஒரு மில்லியன் டொலரை முன்மொழிந்தார். மூன்று வாரங்கள் கடப்பதற்குள் அப்பல்கலைக்கழகம் தான் அங்கம் வகிக்கும் கூட்டமைப்புக்கு எதிராகவே நீதிமன்றம் சென்றது. அன்று எழுந்த பிரச்சினைகள் பல மாற்றங்களின் பின்னரும் முற்றாகத் தீர்ந்துவிடவில்லை. எமது வாசகர்களிற் பெரும்பாலானோர் இந்த விளையாட்டை நேரிற் கண்டிருக்க மாட்டார்கள். எனினும், விதிகளை வகுப்பவர் யார், அவ்விதிகளின் பயனை அனுபவிப்பவர் யார் என்ற வினா எந்நாட்டவருக்கும் பொதுவானது என்பதால் இதனைச் சற்று விரிவாக நோக்க விழைகின்றோம்.

முதலில் ஒரு தெளிவு அவசியமாகும். இங்கு உதைபந்தாட்டம் எனக் குறிப்பிடப்படுவது நாம் அறிந்த உதைபந்தாட்டம் அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும், தலைக்கவசமும் தோட்கவசமும் அணிந்து விளையாடப்படும் அமெரிக்க உதைபந்தாட்டமே இது. தொழில்முறைக் கழகங்கள் ஒருபுறமிருக்க, பல்கலைக்கழக அணிகளின் போட்டிகளுக்கும் அந்நாட்டில் அளவற்ற வரவேற்பு உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அரங்கில் ஒரு போட்டியைக் காண ஓர் இலட்சத்துக்கும் அதிகமானோர் கூடுகின்றனர். தொழில்முறை அணிகள் இல்லாத பல மாநிலங்களில் பல்கலைக்கழக அணியே மக்களின் அணியாகும். அங்கு படித்தவர், படிக்காதவர் என்ற பேதமின்றி ஊரே அந்த நிறத்தை அணிந்து கொள்கின்றது.

முதற்தரப் பிரிவில் 130 இற்கும் மேற்பட்ட பல்கலைக்கழக அணிகள் உள்ளன. ஆனால், ஓர் அணி வழமையான பருவத்தில் விளையாடுவது 12 போட்டிகள் மாத்திரமே. உடல் மோதல் கடுமையான ஆட்டமாதலால் வாரத்துக்கு ஒரு போட்டிக்கு மேல் நடத்த இயலாது. எனவே எல்லா அணிகளும் ஒன்றையொன்று சந்திப்பது நடவாத காரியமாகும். அணிகள் தமது பிராந்தியத்துக்கும் பாரம்பரியத்துக்கும் ஏற்பக் கூட்டமைப்புகளாகச் சேர்ந்து தமக்குள் மோதிக் கொள்கின்றன. வெவ்வேறு கூட்டமைப்புகளைச் சேர்ந்த, ஒன்றையொன்று சந்திக்காத அணிகளில் எது சிறந்தது என்பதைப் புள்ளிப்பட்டியலால் கூற முடியாது. அதனை யாரேனும் தீர்ப்பளித்தே ஆகவேண்டும். தரவரிசை என்பதன் பிறப்பிடம் இதுவேயாகும். சிக்கலின் பிறப்பிடமும் இதுவே.

நீண்டகாலமாகப் பத்திரிகையாளர்களும் பயிற்றுவிப்பாளர்களும் வாக்களித்தே சம்பியனைத் தெரிவு செய்தனர். 1998 முதல் வாக்குகளையும் கணினிக் கணிப்புகளையும் இணைத்து முதலிரண்டு இடங்களைப் பெறும் அணிகளை இறுதிப் போட்டியில் மோதவிடும் முறை வந்தது. 2014 ஆம் ஆண்டுப் பருவத்திலிருந்து 13 பேரைக் கொண்ட தெரிவுக்குழுவொன்று நான்கு அணிகளைத் தெரிவு செய்து, அவை அரையிறுதியில் மோதும் முறை நடைமுறைக்கு வந்தது. வெற்றி தோல்விகள், எதிரணிகளின் பலம், கூட்டமைப்புச் சம்பியன் பட்டம், நேருக்கு நேரான முடிவு ஆகியவற்றுடன், முக்கிய வீரர்கள் இல்லாமற் போவது இனிவரும் ஆட்டத்தைப் பாதிக்குமா என்பதையும் கருத்திற்கொள்ளக் குழுவுக்கு அதிகாரம் வழங்கப்பட்டிருந்தது. இந்தக் கடைசி வாசகமே பின்னர் பெரும் புயலுக்கு வித்திட்டது.

புளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகம் மாநிலத் தலைநகரான தலஹாசியில் அமைந்துள்ளது. 1947 வரை அது பெண்களுக்கான கல்லூரியாக இருந்தது. இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய இளைஞர்களுக்குக் கல்வி வழங்கும் தேவை எழுந்தபோதே ஆண்களுக்கும் கதவு திறக்கப்பட்டு, அதே ஆண்டில் உதைபந்தாட்ட அணியும் உருவாக்கப்பட்டது. 1976 இல் பயிற்றுவிப்பாளராகப் பொறுப்பேற்ற போபி பௌடன் 2009 வரை அப்பதவியில் இருந்து, அறியப்படாதிருந்த அணியை நாடறிந்த அணியாக்கினார். 1987 முதல் 2000 வரை தொடர்ச்சியாக 14 பருவங்களில் அது நாட்டின் முதல் ஐந்து அணிகளுள் ஒன்றாக முடிவுற்றது. 1993, 1999, 2013 ஆகிய பருவங்களில் தேசிய சம்பியனானது. 1991 இல் அட்லாண்டிக் கரையோரக் கூட்டமைப்பில் இணைந்து, 1992 முதல் அதன் உதைபந்தாட்டப் போட்டிகளிற் பங்குபற்றி வருகின்றது.

இந்த வரலாற்றில் இரு சம்பவங்களை நாம் மறந்துவிடலாகாது. 1993 பருவத்தில் புளோரிடா ஸ்டேட் அணியை நோட்டர்டேம் பல்கலைக்கழக அணி 31 இற்கு 24 எனத் தோற்கடித்திருந்தது. பருவ முடிவில் இரு அணிகளும் தலா ஒரு தோல்வியுடன் நின்றன. ஆயினும் வாக்களித்தவர்கள் புளோரிடா ஸ்டேட்டையே சம்பியனாக்கினர். 2000 ஆம் ஆண்டுப் பருவத்திலும் அதே கதை. மியாமி அணியிடம் 27 இற்கு 24 எனத் தோற்றிருந்த புளோரிடா ஸ்டேட், தலா ஒரு தோல்வியுடன் இரு அணிகளும் நின்ற நிலையில், மியாமியைத் தாண்டி இறுதிப் போட்டிக்குத் தெரிவானது. அங்கு ஒக்லஹோமாவிடம் 13 இற்கு 2 எனத் தோல்வியுற்றது. மைதானத்து முடிவை மேவி மதிப்பீடு நின்றபோது அதன் பயனை இதே அணி இருதடவை பெற்றிருந்தது என்பதை இங்கு சுட்டிக்காட்ட விரும்புகின்றோம்.

2023 ஆம் ஆண்டுக்கு வருவோம். மைக் நோர்வெல் பயிற்றுவிப்பாளராக இருந்த அந்த அணியின் தாக்குதலை வழிநடத்தியவர் ஜோர்டான் டிராவிஸ். பந்தை எறிந்து ஆட்டத்தை நகர்த்தும் 'குவாட்டர்பேக்' என்ற இந்த நிலையே அணியின் மூளை எனலாம். நவம்பர் 18 ஆம் திகதி பலம் குறைந்த நோர்த் அலபாமா அணிக்கு எதிரான போட்டியில் டிராவிஸின் கால் கடுமையாகக் காயமடைந்து, அவரது பருவம் முடிவுக்கு வந்தது. அடுத்த வாரம் மாற்று வீரருடன் களமிறங்கிய அணி, பரம வைரியான புளோரிடா பல்கலைக்கழகத்தை 24 இற்கு 15 என வென்றது. அந்த மாற்று வீரரும் காயமுற, முதலாம் ஆண்டு வீரரொருவருடன் கூட்டமைப்பின் இறுதிப் போட்டியில் லூயிவில் அணியை 16 இற்கு 6 எனத் தோற்கடித்தது. தாக்குதல் தளர்ந்தபோது தற்காப்பு அணியைத் தாங்கிப் பிடித்தது. குழுவாக வெல்வது என்பதற்கு இதனைவிடச் சிறந்த உதாரணம் வேண்டியதில்லை.

அந்தப் போட்டிக்கு முன்னைய தரவரிசையில் புளோரிடா ஸ்டேட் நான்காம் இடத்தில் இருந்தது. வென்ற பின்னர் ஐந்தாம் இடத்துக்கு இறங்கியது. எட்டாம் இடத்திலிருந்த அலபாமா, முதலிடத்திலிருந்த ஜோர்ஜியாவை 27 இற்கு 24 என வீழ்த்தி நான்காம் இடத்துக்கு ஏறியது. பருவத்தின் ஆரம்பத்தில் அலபாமாவை வென்றிருந்த டெக்சஸ் மூன்றாம் இடத்தைப் பெற்றது. மிச்சிகனும் வொஷிங்டனும் முதலிரண்டு இடங்களில் இருந்தன. டிராவிஸ் இல்லாத அணி முதல் 11 வாரங்களில் கண்ட அணியன்று என்ற பொருள்படத் தெரிவுக்குழுவின் தலைவர் விளக்கமளித்தார். தனது கால் பருவத்தின் ஆரம்பத்திலேயே முறிந்திருந்தால் ஏனையோரின் திறமையை உலகம் கண்டிருக்குமே என்று டிராவிஸ் வருந்தினார். நான்கு அணி முறைமை நிலவிய 10 ஆண்டுகளில், தோல்வியே காணாத பெரும் கூட்டமைப்புச் சம்பியன் ஒன்று புறந்தள்ளப்பட்டமை இந்த ஒரு தடவையே ஆகும்.

தெரிவுக்குழுவின் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. சிறந்த நான்கு அணிகளைத் தெரிவு செய்யுமாறே அவர்கள் பணிக்கப்பட்டிருந்தனர். அதிக தகுதி ஈட்டிய நான்கை அல்ல. காயங்களைக் கருத்திற்கொள்வது விதியில் எழுதப்பட்டிருந்தது. அலபாமாவின் வெற்றி, இரு தடவை தொடர்ச்சியாகச் சம்பியனாகியிருந்த ஜோர்ஜியாவுக்கு எதிரானது. டிசெம்பர் 30 இல் நடைபெற்ற ஒரேஞ்ச் கிண்ணப் போட்டியில் அதே ஜோர்ஜியாவிடம் புளோரிடா ஸ்டேட் 63 இற்கு 3 என நொறுங்கியபோது, குழு கூறியது சரியே எனப் பலர் வாதிட்டனர். ஆனால், சம்பியன் பட்டத்துக்கான வாய்ப்பு பறிபோனதும் அந்த அணியின் இருபதுக்கும் மேற்பட்ட வீரர்கள் அப்போட்டியில் விளையாடவில்லை. எனவே அந்த முடிவு எதனையும் நிரூபிக்கவில்லை. விளையாட அனுமதிக்கப்படாத போட்டியில் ஓர் அணி என்ன செய்திருக்கும் என்பதை எவராலும் நிரூபிக்க முடியாது. அதனாலேயே ஊகத்தை அளவுகோலாகக் கொள்வது ஆபத்தானது என்கின்றோம்.

இதே புளோரிடா மாநிலத்தில் ஒர்லாண்டோ நகரிலுள்ள சென்ட்ரல் புளோரிடா பல்கலைக்கழக அணியும் 2017 பருவத்தில் ஒரு போட்டியிலேனும் தோற்கவில்லை. சிறிய கூட்டமைப்பொன்றைச் சேர்ந்தது என்பதால் அதற்குத் தெரிவுக்குழு வழங்கியது 12 ஆம் இடம். அப்பருவத்தின் இறுதிப் போட்டிக்குச் சென்ற அலபாமா, ஜோர்ஜியா ஆகிய இரு அணிகளையும் வென்றிருந்த ஓபேர்ன் அணியை, கிண்ணப் போட்டியொன்றில் 34 இற்கு 27 என அது தோற்கடித்தது. அப்போது சிறியவர்களுக்கு நேர்ந்தது ஆறு ஆண்டுகளின் பின் பெரியவர்களுள் ஒருவருக்கு நேர்ந்தபோதுதான் சட்டமா அதிபரின் கதவு தட்டப்பட்டது. அநீதி தன் வாசலுக்கு வரும்வரை அதனை அநீதியென உணராதிருப்பது மனித இயல்பு போலும்.

புளோரிடா ஸ்டேட் ஏன் ஒதுக்கப்பட்டது என்ற கேள்விக்கு வீரரின் காயம் பாதி விடையே. அதன் கூட்டமைப்பின் எடை குறைந்து வந்தமை மறுபாதியாகும். அமெரிக்கப் பல்கலைக்கழக உதைபந்தாட்டத்தின் வருவாய் ஒளிபரப்பு உரிமையிலிருந்தே பெருமளவு கிடைக்கின்றது. அந்த உரிமையை விற்பது கூட்டமைப்புகளாகும். கூட்டமைப்பில் புகழ்பெற்ற அணிகள் எவ்வளவு அதிகமோ, ஒப்பந்தத்தின் பெறுமதியும் அவ்வளவு அதிகம். ஆகவே, பலமுள்ள கூட்டமைப்புகள் ஏனையவற்றின் சிறந்த அணிகளைத் தம்பக்கம் இழுக்கத் தொடங்கின. 2021 ஜூலையில் டெக்சஸும் ஒக்லஹோமாவும் தென்கிழக்குக் கூட்டமைப்புக்குச் செல்ல முடிவெடுத்தன. 2022 ஜூனில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் இரு பெரும் பல்கலைக்கழகங்கள், மத்திய மேற்கு மாநிலங்களை மையமாகக் கொண்ட 'பிக் டென்' கூட்டமைப்புக்குச் செல்வதாக அறிவித்தன. அதனைத் தொடர்ந்து ஓகஸ்டில் 'பிக் டென்' ஏழு ஆண்டுகளுக்கு 7 பில்லியன் டொலருக்கும் அதிக பெறுமதியான ஒளிபரப்பு ஒப்பந்தத்தை எட்டியது.

இந்த அலையில் மூழ்கியது பசிபிக் 12 கூட்டமைப்பு. ஒரு நூற்றாண்டுப் பாரம்பரியத்தைக் கொண்டிருந்த அதன் 12 உறுப்பினர்களில் 10 பேர் வெளியேறினர். 2023 ஓகஸ்ட் 4 ஆம் திகதி ஒரே நாளில் ஐந்து பல்கலைக்கழகங்கள் விலகிச் சென்றன. ஒரிகன் ஸ்டேட், வொஷிங்டன் ஸ்டேட் ஆகிய இரண்டு மாத்திரமே எஞ்சின. அவை செய்த குற்றம் யாதெனில், சிறிய நகரங்களில் அமைந்திருந்ததும் குறைவான தொலைக்காட்சிப் பார்வையாளர்களைக் கொண்டிருந்ததுமே. நீதிமன்றம் சென்று கூட்டமைப்பின் நிர்வாகத்தையும் சொத்துக்களையும் தக்க வைத்துக்கொண்ட அவ்விரண்டும், 2026 முதல் புதிய உறுப்பினர்களைச் சேர்த்து அதனை மீளக் கட்டியெழுப்பும் முயற்சியில் ஈடுபட்டன.

மாற்றத்தின் விளைவு விசித்திரமானது. 'பத்து' என்ற பொருள்தரும் பெயரைக் கொண்ட 'பிக் டென்' கூட்டமைப்பில் 2024 முதல் 18 உறுப்பினர்கள் உள்ளனர். அட்லாண்டிக் கரையோரக் கூட்டமைப்பில், பசிபிக் சமுத்திரத்தை நோக்கியிருக்கும் ஸ்டான்போர்டும் பேர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகமும் அங்கம் வகிக்கின்றன. கலிபோர்னியாவிலிருந்து நியூ ஜேர்சிக்கு ஒரு போட்டிக்காகச் சுமார் 4,000 கிலோமீற்றர் பறந்து செல்லும் மாணவன் அடுத்த நாள் விரிவுரைக்குத் திரும்ப வேண்டும். உதைபந்தாட்ட அணி வாரத்துக்கு ஒரு தடவையே பயணிக்கும். ஆனால், அதே கூட்டமைப்பில் வாரத்துக்குப் பல போட்டிகளில் பங்குபற்றும் கரப்பந்தாட்ட, கூடைப்பந்தாட்ட மாணவ மாணவியரின் நிலை என்ன? ஒளிபரப்பு ஒப்பந்தங்களில் இக்கேள்விக்கு இடமிருந்ததாகத் தெரியவில்லை.

புளோரிடா ஸ்டேட்டின் மனக்குறை இந்தப் பின்னணியிலேயே விளங்கிக்கொள்ளத் தக்கது. அட்லாண்டிக் கரையோரக் கூட்டமைப்பின் உறுப்பினர்கள் தமது சொந்த மைதானப் போட்டிகளின் ஒளிபரப்பு உரிமையைக் கூட்டமைப்பிடம் ஒப்படைக்கும் உடன்படிக்கையில் 2013 இல் கைச்சாத்திட்டனர். 2016 இல் அதனை 2036 வரை நீடித்தனர். உறுப்பினர் ஒருவர் விலகினாலும் அந்த உரிமை கூட்டமைப்பிடமே இருக்கும். வெளியேறுவோரைத் தடுக்கும் பூட்டாக அது அமைந்தது. ஆனால், ஏனைய கூட்டமைப்புகள் புதிய, பெறுமதிமிக்க ஒப்பந்தங்களைச் செய்தபோது, அதே பூட்டு உள்ளிருந்தோரைப் பின்தங்க வைத்தது. தென்கிழக்கு, 'பிக் டென்' அணிகளுடன் ஒப்பிடுகையில் ஆண்டுக்குச் சுமார் 30 மில்லியன் டொலர் குறைவாகவே தமக்குக் கிடைக்கும் எனப் பல்கலைக்கழகம் முறையிட்டது.

தெரிவுக்குழுவின் அறிவிப்பு, கனன்று கொண்டிருந்த இந்த நெருப்பில் எண்ணெய் வார்த்தது. 2023 டிசெம்பர் 21 இல் கூட்டமைப்பு வட கரோலினாவிலும், மறுநாள் பல்கலைக்கழகம் புளோரிடாவிலும் வழக்குத் தாக்கல் செய்தன. விலகுவதானால் மொத்தம் 572 மில்லியன் டொலரை இழக்க நேரிடும் எனப் பல்கலைக்கழகம் தனது மனுவில் கணக்கிட்டது. 2024 மார்ச்சில் கிளெம்சன் பல்கலைக்கழகமும் இதேபோன்று நீதிமன்றத்தை நாடியது. ஒரு வருடத்துக்கும் மேலாக நீடித்த இழுபறியின் பின்னர் 2025 மார்ச் 4 ஆம் திகதி இணக்கப்பாடு எட்டப்பட்டது.

இணக்கப்பாட்டின் உள்ளடக்கம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. ஒளிபரப்பு வருவாயில் 40 சதவீதம் உறுப்பினர்களுக்குச் சமமாகவும், 60 சதவீதம் ஐந்து ஆண்டுகளின் சராசரிப் பார்வையாளர் எண்ணிக்கையின் அடிப்படையிலும் பகிரப்படும். விலகுவதற்கான கட்டணம் 2025-26 இல் 165 மில்லியன் டொலர். அது ஆண்டுதோறும் 18 மில்லியன் டொலர் வீதம் குறைந்து 2030-31 இல் 75 மில்லியன் டொலராகும். கட்டணத்தைச் செலுத்துபவர் தனது ஒளிபரப்பு உரிமையுடனேயே வெளியேறலாம். வேறு வார்த்தைகளிற் கூறுவதானால், அதிகம் பார்க்கப்படும் அணிக்கு அதிக பங்கு, வெளியேற விரும்புவோருக்கு ஆண்டுக்காண்டு அகலமாகும் வாசல். தோற்றாலும் பார்க்கப்படும் அணி, வென்றும் பார்க்கப்படாத அணியைவிட அதிகம் பெறலாம். வெற்றியின் பெறுமதியைத் தெரிவுக்குழு குறைத்துவிட்டது எனக் குமுறிய பல்கலைக்கழகம், வெற்றியை அன்றிப் பார்வையாளரையே முதன்மை அளவுகோலாகக் கொண்ட பங்கீட்டைத் தானே வென்றெடுத்தது என்பது முரண்நகையாகும்.

இதற்கிடையே தேசிய சம்பியன் சுற்று நான்கு அணிகளிலிருந்து 12 அணிகளாக 2024 பருவம் முதல் விரிவாக்கப்பட்டது. இந்த முடிவு 2022 இலேயே எடுக்கப்பட்டிருந்தது. ஓர் ஆண்டு முன்னதாக நடைமுறைக்கு வந்திருந்தால் புளோரிடா ஸ்டேட்டின் கண்ணீருக்கு இடமிருந்திராது. அகன்ற வாசல் திறந்தபோதோ, அந்த அணி வாசலுக்கே வந்து சேரவில்லை. 2024 பருவத்தை நாட்டின் பத்தாவது அணியாக ஆரம்பித்து, 12 போட்டிகளில் இரண்டில் மாத்திரமே வென்றது. 2025 இல் முதற் போட்டியிலேயே அலபாமாவை 31 இற்கு 17 எனத் தோற்கடித்தபோது பழைய கணக்குத் தீர்க்கப்பட்டதென ஆதரவாளர்கள் ஆர்ப்பரித்தனர். ஆனால், பருவம் ஐந்து வெற்றி, ஏழு தோல்வி என்றே முடிந்தது. நீதிமன்றத்தில் வெல்வது வேறு, மைதானத்தில் வெல்வது வேறு என்பதை அந்த இரு ஆண்டுகள் உணர்த்தின.

விரிவாக்கத்தின் பயனை வேறு அணிகள் பெற்றன. 2023 இல் மூன்று வெற்றிகளையும் ஒன்பது தோல்விகளையும் கண்டிருந்த, வரலாற்றில் தோல்விகளுக்கே பேர்போன இந்தியானா பல்கலைக்கழக அணி, 2025 பருவத்தின் 16 போட்டிகளிலும் வென்று, 2026 ஜனவரி 19 இல் தேசிய சம்பியனானது. இறுதிப் போட்டியில் அது தோற்கடித்த அணி எது? 27 இற்கு 21 என வீழ்ந்த மியாமி. புளோரிடா ஸ்டேட்டின் அயல் அணி. அதே அட்லாண்டிக் கரையோரக் கூட்டமைப்பின் உறுப்பினர். பத்தாவது இடத்தில் சுற்றுக்குள் நுழைந்த அணி அது. பழைய முறையில் அதன் பெயர் பேச்சுக்கே எடுக்கப்பட்டிராது. இக்கூட்டமைப்பில் இருந்தால் சம்பியன் பட்டத்தை எட்ட முடியாது என்ற வாதத்துக்கு மியாமி மைதானத்திலேயே பதிலளித்துவிட்டது என்றே கொள்ள வேண்டும்.

வாசல் அகன்றதும் சர்ச்சை ஓய்ந்துவிடவில்லை. அது நான்காம் இடத்திலிருந்து பத்தாம் இடத்துக்கு நகர்ந்தது. 2025 பருவத்தில் மியாமியும் நோட்டர்டேமும் தலா இரு தோல்விகளுடன் நின்றன. பருவத்தின் ஆரம்பத்தில் மியாமி 27 இற்கு 24 என நோட்டர்டேமை வென்றிருந்த போதிலும், வாரக்கணக்கில் நோட்டர்டேமே முன்னணியில் வைக்கப்பட்டிருந்தது. இறுதி நாளிலேயே தெரிவுக்குழு நேருக்கு நேரான முடிவுக்கு மதிப்பளித்தது. வெளியேற்றப்பட்ட நோட்டர்டேம் வேறெந்தக் கிண்ணப் போட்டியிலும் விளையாட மறுத்தது. மியாமி உள்ளே செல்ல, அதே கூட்டமைப்பின் சம்பியனான டியூக் ஐந்து தோல்விகளைக் கண்டிருந்ததால் வெளியே நின்றது. இம்முடிவு சரியாகவே இருக்கலாம். ஆனால், முன்னர் வாரந்தோறும் வேறொன்றைக் கூறிவிட்டு இறுதியில் மாற்றியமையே மனக்கசப்பை வளர்த்தது.

இனி எதிர்காலம் எப்படி அமையும்? இங்கு மூன்று விடயங்கள் தீர்மானகரமானவை. முதலாவது, அதிகாரம். சம்பியன் சுற்றின் வருங்கால அமைப்பைத் தீர்மானிப்பதில் தென்கிழக்கு, 'பிக் டென்' ஆகிய இரு கூட்டமைப்புகளுக்கும் மேலாதிக்கம் வழங்கும் உடன்பாடு 2024 இலேயே எட்டப்பட்டது. 2026 முதல் சுற்றின் வருவாயில் இவை ஒவ்வொன்றுக்கும் சுமார் 29 சதவீதமும், அட்லாண்டிக் கரையோரக் கூட்டமைப்புக்குச் சுமார் 17 சதவீதமும் உரித்தாகும். அணிகளை மேலும் அதிகரிப்பது பற்றி அவ்விரு கூட்டமைப்புகளுக்கும் இடையே உடன்பாடு ஏற்படாததால் 2026 பருவத்துக்கும் 12 அணிகள் என்ற முறையே நிலைத்தது. இருவர் இணங்கினால் மாற்றம், இணங்காவிட்டால் மாற்றமில்லை. ஏனையோர் காத்திருக்க வேண்டியதுதான்.

இரண்டாவது, வீரர்களுக்கான கொடுப்பனவு. 2025 ஜூனில் நீதிமன்றம் அங்கீகரித்த இணக்கப்பாட்டின்படி, பல்கலைக்கழகங்கள் தமது விளையாட்டு வீரர்களுக்கு முதலாம் ஆண்டில் 20.5 மில்லியன் டொலர் வரை நேரடியாக வழங்கலாம். தசாப்தங்களாக அரங்குகளை நிரப்பிய மாணவர்களுக்கு அவர்களது உழைப்பின் பங்கு கிடைப்பது வரவேற்கத்தக்கதே. ஆனால், இதனால் வருவாய் இடைவெளி நேரடியாக அணியின் பல இடைவெளியாக மாறுகின்றது. ஆண்டுக்கு 30 மில்லியன் டொலர் வித்தியாசம் முன்னர் கட்டடங்களில் தெரிந்தது. இனி அணிப் பட்டியலிலேயே தெரியும்.

மூன்றாவது, 2030 ஆம் ஆண்டை அண்மித்த காலம். விலகற் கட்டணம் வெகுவாகக் குறையும் அவ்வேளையில் பெரிய கூட்டமைப்புகளின் ஒளிபரப்பு ஒப்பந்தங்களும் புதுப்பிக்கப்பட வேண்டியிருக்கும். புளோரிடா ஸ்டேட் அப்போது வெளியேற முனையலாம். அதற்குள் மைதானத்தில் மீண்டெழாத அணியை விலைகொடுத்து வரவேற்க எவரும் முன்வருவார்களா என்பது வேறு கேள்வி. மேலும், புளோரிடா ஸ்டேட்டும் கிளெம்சனும் சென்றுவிட்டால், எஞ்சும் சிறு பல்கலைக்கழகங்களின் கதி பசிபிக் கரையில் கைவிடப்பட்ட இரண்டின் கதியாகவே அமையக்கூடும். நேற்றுப் பாதிக்கப்பட்டவர் நாளை பாதிப்பை ஏற்படுத்துபவராக மாறும் அவலம் இது.

புளோரிடா ஸ்டேட்டுக்கு 2023 இல் இழைக்கப்பட்டது அநீதியே என்பது எமது நிலைப்பாடாகும். குழு விதியை மீறியது என்பதற்காக அல்ல; வென்றது யார் என்பதை விட வெல்லக்கூடியவர் யார் என்ற ஊகத்துக்கு விதியே இடமளித்தது என்பதற்காக. 1993 இலும் 2000 இலும் மதிப்பீட்டின் பயனை அந்த அணி பெற்றிருந்தமை 2023 இன் அநீதியை நியாயப்படுத்தாது. அதேபோல் 2023 இன் அநீதி, பலவீனமான சகோதர அணிகளைக் கைவிட்டுச் செல்லும் உரிமைப் பத்திரமாகவும் ஆகாது.

அளவுகோல் ஆட்டம் ஆரம்பிக்கும் முன்னரே அறிவிக்கப்பட வேண்டும். அது எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். அதனை வகுக்கும் மேசையில் சிறியவர்களுக்கும் ஆசனம் இருக்க வேண்டும். இந்த மூன்றும் இல்லாதவிடத்து அணிகளின் எண்ணிக்கையை 12 ஆக்கினாலும் 24 ஆக்கினாலும் வாசலின் வெளியே நிற்பவரின் முறைப்பாடு ஓயப்போவதில்லை. காயமுற்ற தோழனுக்காக இரண்டாவது மாற்று வீரனுடன் களமிறங்கி வென்ற இளைஞர்களுக்கு, உங்கள் வெற்றி போதாது என்று பெரியவர்கள் கூறிய அந்த ஞாயிற்றுக்கிழமையை அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் மறந்துவிடலாகாது. கல்விக்கூடங்களின் பெயரால் நடத்தப்படும் விளையாட்டு மாணவருக்கு முதலிற் கற்பிக்க வேண்டிய பாடம், உழைப்புக்கு மதிப்புண்டு என்பதேயாகும். அந்தப் பாடத்தை ஒளிபரப்பு ஒப்பந்தங்கள் அழித்தெழுத இடமளிக்கலாமா என்பதை அப்பல்கலைக்கழகங்களே சிந்திக்க வேண்டும்.